தூரத்து மலையா, பக்கத்துப் புல்லா? ரயில் சிமுலேட்டரில் கிராபிக்ஸை எதில் செலவழிப்பது

சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்திலிருந்து அரோசாவுக்கு ஒரு மீட்டர் கேஜ் பாதை (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி) போகிறது. ரீஷியன் ரயில்வேயுடையது. மொத்தமே 26 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் ரயில் 585 மீட்டர் உயரத்திலிருந்து 1739 மீட்டருக்கு ஏறிவிடும். வழியில் லாங்வீஸ் கிராமத்தருகே 1914-இல் கட்டிய கான்கிரீட் வளைவுப் பாலம், கீழே ஓடும் ஆற்றிலிருந்து 62 மீட்டர் உயரத்தில். 'ட்ரெயின் சிம் வேர்ல்ட் 2' காலத்தில் இந்தப் பாதை விளையாட்டாக வந்தபோது, அந்தப் பாலத்தைப் பார்ப்பதற்காகவே வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

முதல் நாள் பாலத்தின் நடுவில் ரயிலை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பிகளின் நிழல் கோடு கோடாக, கத்தியால் கீறியதுபோல் விழுந்திருந்தது. அடடா என்று நிமிர்ந்து எதிர்ச்சரிவைப் பார்த்தால், மொட்டை. மலை இருக்கிறது, பச்சை இருக்கிறது, மரத்தைக் காணோம். ரயிலைக் கிளப்பி அந்தப் பக்கம் போகப் போக, மரங்கள் ஒவ்வொன்றாக மண்ணிலிருந்து திடீர் திடீரென்று முளைத்தன. ஷேடோவை, அதாவது நிழலின் தரத்தை, உச்சப் படியான அல்ட்ராவில் வைத்திருந்தேன். அதனால் லேப்டாப் திணறியபோது, முன்பின் யோசிக்காமல் வியூ டிஸ்டன்ஸை (பொருட்கள் எவ்வளவு தூரம்வரை தெரியும் என்ற செட்டிங்) கடைசிப் படியான லோவுக்கு இறக்கியிருந்தேன். கம்பி நிழலுக்காக ஒரு காட்டையே விற்றிருக்கிறேன்.

நடுத்தர மெஷின் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தக் கணக்கு வரும். எல்லாவற்றையும் அல்ட்ராவில் வைக்க வழியில்லை. நிலப்பரப்பு நம்பும்படி இருக்க வேண்டும் என்றால் எதை ஏற்றுவது, எதை விட்டுக்கொடுப்பது? வியூ டிஸ்டன்ஸ், ஃபோலியேஜ் (புல், புதர்), ஷேடோ, ரெசல்யூஷன் (படத்தை எத்தனை புள்ளிகளில் வரைவது) ஆகிய நான்கும்தான் போட்டியில் இருப்பவை. மற்றவை எல்லாம் சில்லறை.

பையில் எவ்வளவு இருக்கிறது

நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரேமையும் 16.7 மில்லிவினாடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். 30 போதும் என்றால் 33.3 மில்லிவினாடி கிடைக்கும். ரயில் சிமுலேட்டருக்கு 30 போதும் என்பது என் கட்சி. இங்கே யாரும் நம்மைச் சுடப் போவதில்லை. 40-க்கும் 58-க்கும் நடுவே ஊசலாடும் பிரேம் ரேட்டைவிட அசையாத 30 கண்ணுக்கு எவ்வளவோ இதம். என்விடியா கார்டு என்றால் அதன் கண்ட்ரோல் பேனலிலேயே உச்ச பிரேம் ரேட்டைப் பூட்டிவிடலாம். 30-இல் பூட்டியதும் ஒவ்வொரு பிரேமுக்கும் செலவழிக்க இரண்டு மடங்கு நேரம் கையில் வந்துவிடுகிறது. அந்தக் காசைத்தான் நிலப்பரப்பில் போடப் போகிறோம். 60 இல்லாமல் முடியாது என்பவர்கள் கீழே நான் சொல்லும் ஒவ்வொன்றிலும் ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, திணறுவது யார் என்பது. பிராசசரா, கிராபிக்ஸ் கார்டா? இதற்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. பிரேம் ரேட் பூட்டை எடுத்துவிட்டு, மரங்கள் நிறைந்த ஓர் இடத்தில் ரயிலை நிறுத்துங்கள். கேமராவை அசைக்காமல், ஸ்கிரீன் பர்சன்டேஜை (திரையின் ரெசல்யூஷனில் எத்தனை சதவீதத்தில் படத்தை வரைவது என்ற செட்டிங்) 100-லிருந்து 50-க்கு இறக்குங்கள். படம் குழம்பிப் போகும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிரேம் ரேட் சட்டென்று எகிறினால் இதுவரை திணறியது கிராபிக்ஸ் கார்டு. அசையாமல் அங்கேயே நின்றால் பிராசசர்தான் மூச்சு வாங்குகிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் செட்டிங்கை மாற்றுவது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பார்க்காமல் எல்லாக் குழாயையும் கழற்றுவது மாதிரி.

ஏனென்றால் நான்கு செலவுகளும் ஒரே பையிலிருந்து போவதில்லை. வியூ டிஸ்டன்ஸை ஏற்றினால் வரைய வேண்டிய பொருட்களின் எண்ணிக்கை கூடும். 'இதை வரை, அதை வரை' என்று கார்டுக்கு உத்தரவு போடுவது பிராசசர், ஆகவே முதல் அடி அதற்குத்தான். ரெசல்யூஷன் முழுக்க முழுக்கக் கார்டின் தலையில். புல்லும் இலையும் பெரும்பாலும் கார்டின் செலவு. ஷேடோ மட்டும் இரண்டு பையிலும் கையை விடும், ஏனென்றால் நிழல் விழுத்தும் ஒவ்வொரு பொருளையும் சூரியனின் பார்வையிலிருந்து இன்னொரு முறை வரைந்தாக வேண்டும்.

முதல் செலவு: வியூ டிஸ்டன்ஸ்

ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும் மலைக்காட்சியை மூன்று பட்டையாகப் பிரித்துப் பாருங்கள். காலடியில் ஜல்லியும் புல்லும், சுமார் 50 மீட்டர் வரை. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்வரை சரிவுகள், மரங்கள், வீடுகள். அதற்கும் அப்பால் வானத்தை வெட்டி நிற்கும் முகடு. முதல் பட்டை ரயில் ஓடும்போது கலங்கிப்போய்விடும். மூன்றாவது பட்டையில் வெறும் வடிவமே போதும். கண் உட்காருவது நடுப்பட்டையில். அது காலியாக இருந்தால் எவ்வளவு பெரிய மலையும் பச்சைத் துணி போர்த்திய பந்தல்போல்தான் தெரியும்.

அந்த நடுப்பட்டையை வாங்கிக் கொடுப்பது வியூ டிஸ்டன்ஸ். ட்ரெயின் சிம் வேர்ல்ட் ஓடுவது அன்ரியல் எஞ்சின் 4 என்ற அடிப்படை மென்பொருளில். அந்த எஞ்சினின் மூல அமைப்பில் வியூ டிஸ்டன்ஸின் நான்கு படிகளும் 0.4, 0.6, 0.8, 1.0 என்ற பெருக்கல் எண்கள். ஒரு மரம் 1000 மீட்டரில் மறைய வேண்டும் என்று தடத்தை உருவாக்கியவர் குறித்திருந்தால், கடைசிப் படியில் அது 1000 மீட்டரிலேயே மறையும், முதல் படியில் 400 மீட்டருக்கு அப்பால் இருக்காது. விளையாட்டைத் தயாரித்தவர்கள் எண்களைக் கொஞ்சம் மாற்றியிருந்தாலும் அடிப்படை இதுதான். மலையின் வடிவம் எந்தப் படியிலும் போய்விடாது. போவது அதன் மேல் நிற்பவை. லாங்வீஸில் எனக்கு மொட்டை மலை தெரிந்தது இதனால்தான்.

0.8-க்கும் 1.0-க்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். தூரத்தில் கால் பங்கு கூடுகிறது, ஆனால் பரப்பளவு தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். கணக்குப் போட்டால் வரைய வேண்டிய நிலம் ஒன்றரை மடங்குக்கும் மேல். பிராசசர் பழையது என்றால் ஹையில் நிறுத்திக்கொள்ளுங்கள். மீடியத்துக்குக் கீழே மலைத்தடத்தில் இறங்கவே கூடாது. மற்ற எல்லாவற்றையும் மீடியத்துக்கு இறக்கியாவது இதை ஹையில் வைத்திருப்பேன்.

அமைப்புக் கோப்பில் இந்தப் பெருக்கல் எண்ணை 2, 3 என்று நாமே எழுதிக்கொள்ளும் வித்தையும் உண்டு. புகைப்படம் எடுக்க நன்றாக இருக்கும். ஓட்டுவதற்கு வைத்தால் வளைவு திரும்பும் ஒவ்வொரு முறையும் படம் ஒரு கணம் நின்று நகரும்.

இரண்டாவது செலவு: ஃபோலியேஜ்

இதில்தான் ஆளுக்கு ஆள் முடிவு மாற வேண்டும், ஏனென்றால் ரயிலின் வேகம் உள்ளே வருகிறது.

அரோசா பாதையில் மேலே ஏறும்போது 30 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். 400 மீட்டர் முன்னால் ஒரு மரம் திடீரென்று முளைத்தால், அதன் பக்கத்தில் போய்ச் சேர 48 நொடி ஆகும். அத்தனை நேரமும் கண் அதன் மேலேயே இருக்கும். அதே விளையாட்டில் லண்டன் பேடிங்டனிலிருந்து ரெடிங் போகும் கிரேட் வெஸ்டர்ன் தடத்தில் ரயில் 200 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அதே மரத்தை 7 நொடியில் தாண்டிவிடுவோம். பொறியாளர் புரூனல் அந்தப் பாதையைப் போட்டபோது தரையை மேசை மாதிரி சமமாக வைத்தார். எனவே அங்கே பார்க்க எதிர்ச்சரிவும் கிடையாது. வேலிச்செடியும் பாலங்களும் கரைப்புல்லும்தான் காட்சி.

எனவே ஓரத்துப் புல் மலைத்தடத்துக்குத்தான் முக்கியம், வேகத்தடத்துக்கு அவ்வளவு இல்லை. இதைக் கேட்டால் தலைகீழாகத் தோன்றும். மலையில் தூரம்தானே பார்ப்போம் என்று நினைப்போம். ஆனால் மெதுவாக ஏறும் ரயிலில் பாறை வெட்டுக்குள் போகும்போது, இரண்டு பக்கமும் கை எட்டும் தூரத்தில் சரிவு. அங்கே புல் இல்லையென்றால் மண்ணின் டெக்ஸ்சர் (தரையின் மேல் போர்த்திய படம்) இழுத்து ஒட்டிய வால்பேப்பர் மாதிரி தெரிந்துவிடும். 200 கிலோமீட்டர் வேகத்தில் புல் வெறும் பச்சைக் கோடு.

எஞ்சினின் மூலக் கணக்கில் ஃபோலியேஜின் நான்கு படிகள் 0, 0.4, 0.8, 1.0. அதாவது லோ என்றால் இப்படி உதிரியாகத் தூவிய புல்லும் புதரும் அறவே இல்லை. மீடியத்தில் பாதிக்கும் குறைவு. ஹைக்கும் அல்ட்ராவுக்கும் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு, கண் வைத்துத் தேடினால்தான் தெரியும். அல்ட்ராவில் போடும் காசு வீண் என்று தயங்காமல் சொல்வேன். லோவும் மலைத்தடத்துக்கு ஆகாது. மீடியமா ஹையா என்பதுதான் உண்மையான கேள்வி. ஸ்கிரீன் பர்சன்டேஜ் சோதனையில் கார்டு திணறியது என்றால் மீடியம், பிராசசர் திணறியது என்றால் ஹை.

அமெரிக்காவில் கம்பர்லாண்டிலிருந்து மேற்கே ஏறும் சாண்ட் பேட்ச் தடம் மட்டும் இதற்கு விலக்கு. அந்த மலைகள் முழுக்க இலையுதிர்க் காடு, சரக்கு ரயில் ஆமை வேகம், இரண்டு பக்கமும் மரச்சுவர். எதிர்ச்சரிவு கண்ணில் படுவதே அபூர்வம். அங்கே வியூ டிஸ்டன்ஸை ஒரு படி இறக்கி ஃபோலியேஜை ஒரு படி ஏற்றினால் நிலம் நிஜமாகிறது.

மூன்றாவது: ஷேடோ

நான் ஏமாந்த இடம் என்பதால் இதைக் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன். ஷேடோவுக்கு எல்லை உண்டு. சூரிய நிழலை விளையாட்டு ரயிலுக்குப் பக்கத்தில் துல்லியமாகவும், தள்ளிப் போகப் போக அகல அகலமான பட்டைகளில் மங்கலாகவும் வரையும். ஒரு தூரத்துக்கு அப்பால் துல்லியமான நிழலே கிடையாது. அல்ட்ராவில் போடும் காசில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் சில பத்து மீட்டருக்கே போய்விடுகிறது. ஸ்டேஷன் தூண், பிளாட்பாரப் பெஞ்சு, என்ஜின் முகப்பு எல்லாம் அழகாகும். நிலப்பரப்புக்கு அதனால் லாபம் கொஞ்சம்தான்.

ஆனாலும் முழுக்க லோவுக்குத் தள்ளிவிடாதீர்கள். மரத்தின் அடியில் நிழல் விழாவிட்டால் அது தரையில் வேர் விட்டதுபோல் தெரியாது, வெட்டி ஒட்டிய காகிதம்போல் மிதக்கும். குளிர்காலக் காலையில் சூரியன் தாழ நிற்கும்போது, சரிவின் மேடு பள்ளத்தை எடுத்துக் காட்டுவதே நிழல்தான். மீடியம் போதும். குளிர்காலத்தில், சாய்ந்த வெயிலில் மட்டுமே ஓட்டுவேன் என்பவர் ஹைக்குப் போகலாம்.

நான்காவது: ரெசல்யூஷன்

ஸ்கிரீன் பர்சன்டேஜை 100-லிருந்து 150-க்கு ஏற்றினால், 1920-க்கு 1080 படம் உள்ளுக்குள் 2880-க்கு 1620 ஆக வரையப்பட்டு, பிறகு சுருக்கப்படுகிறது. புள்ளிகள் 2.25 மடங்கு. 200 என்றால் 4 மடங்கு. விலை பயங்கரம்.

ஆனால் கிடைப்பது என்ன என்று பார்த்தால் மனசு இளகும். தூரத்து ஊசியிலை மரங்களின் நுனி, மேலே ஓடும் மின்கம்பி, முகட்டின் ஓரம், இவையெல்லாம் ஒரு புள்ளி அகலம்கூட இல்லாதவை. 100-இல் அவை மின்மினிபோல் விட்டு விட்டு ஒளிரும். ரயில் நகரும்போது காடு முழுவதும் கொதிப்பதுபோல் இருக்கும். இதை அடக்க விளையாட்டில் டிஏஏ என்ற ஆன்டி அலியாசிங் இருக்கிறது. முந்தைய பிரேம்களைக் கலந்து ஓரங்களை மழுப்பும் முறை அது. கொதிப்பு அடங்கும், ஆனால் இலைகள் பிசைந்த கீரைபோல் குழையும். பர்சன்டேஜை 120, 130-க்கு ஏற்றினாலே அந்தக் குழைவு பெரிதும் தெளிகிறது. பிராசசர் திணறி, கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும் மெஷினுக்கு இதைவிட நல்ல செலவு கிடையாது. கார்டின் காசு எப்படியும் மிச்சமாகத்தான் இருக்கிறது.

கார்டு திணறுகிறது என்றால் 100-லேயே நில்லுங்கள். 80-க்கு இறக்கி அந்தக் காசில் வியூ டிஸ்டன்ஸை ஏற்றலாமா என்றால், நான் செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். தூரத்தில் மரங்கள் வந்தன, ஆனால் அவை மரங்கள் என்று ஊகிக்க வேண்டியிருந்தது.

டெக்ஸ்சர் தரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது கார்டின் நினைவகத்தைப் பொறுத்தது. நினைவகத்தில் அடங்கும்வரை அல்ட்ரா வைத்தாலும் வேகம் பெரிதாகக் குறையாது. அடங்காமல் வழிந்தால் ரயில் விக்கி விக்கிப் போகும், அப்போது ஒரு படி இறக்கிவிடுங்கள்.

ஓபன் ரெயில்ஸ்: இங்கே கணக்கு வேறு

இதுவரை சொன்னது காசு கொடுத்து வாங்கும் புது விளையாட்டுக்கு. இலவசமான ஓபன் ரெயில்ஸ் வைத்திருப்பவர்களுக்கு மேலே உள்ள வரிசையை அப்படியே தர முடியாது. 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டரின் தடங்களைப் படித்து ஓட்டும் மென்பொருள் அது. எஞ்சின் புதிதாக இருந்தாலும் தரை 2001-இன் தரைதான்.

அந்தத் தரை எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொண்டால் செட்டிங் தானாகப் புரியும். நிலம் 2048 மீட்டர் சதுரக் கட்டங்களாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 8 மீட்டருக்கு ஓர் உயரப் புள்ளி. 8 மீட்டருக்குள் நிலம் மேடாகவும் பள்ளமாகவும் மாற முடியாது. ரயில் பாதைக்காக வெட்டிய சரிவும், கொட்டிய கரையும் ரம்பப் பல் மாதிரி முக்கோணம் முக்கோணமாகத் தெரிவது இதனால்தான். உயரக் கணக்கும் பல தடங்களில் செயற்கைக்கோள், விண்கலத் தரவுகளிலிருந்து எடுத்தது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரில் அளந்த பூமியின் உயரங்கள்தான் பலருக்கும் மூலம். அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தரவு வெகுகாலம் சுமார் 90 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவிலேயே பொதுவில் கிடைத்தது. 90 மீட்டருக்கு ஒரு புள்ளியில் ஓடையும் பாறை இடுக்கும் எங்கே தெரியப் போகிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு லட்சம் கொடுத்தாலும் இந்த ரம்பப் பல் போகாது.

சரி, என்ன செய்யலாம்? ஓபன் ரெயில்ஸில் நிலப்பரப்பைத் தீர்மானிப்பவை முக்கியமாக மூன்று: வியூயிங் டிஸ்டன்ஸ், டிஸ்டன்ட் மவுண்டன்ஸ், பொருட்களையும் அடிவானம்வரை காட்டு என்ற தேர்வு. வழக்கமான வியூயிங் டிஸ்டன்ஸ் 2000 மீட்டர். மூல விளையாட்டின் உச்சமும் அதுதான். இங்கே அதை 10,000-க்கு ஏற்றிவிடலாம்.

நானும் ஏற்றினேன். அந்த விளையாட்டோடு வந்த மாரியாஸ் பாஸ் தடம், அமெரிக்காவின் மொண்டானாவில் ஷெல்பியிலிருந்து வைட்ஃபிஷ் வரை. ஷெல்பியில் புல்வெளி, சட்டிபோல் சமதரை. மேற்கே போகப் போக ராக்கி மலைகள் சுவர் மாதிரி எழுந்து நிற்கும். 10,000 மீட்டர் வைத்ததும் அடிவானம் விரிந்தது உண்மை. கூடவே இரண்டு அசிங்கங்கள் வந்தன. நிலத்தின் டெக்ஸ்சர் 128 மீட்டர் சதுரத் துண்டுகளாக ஒட்டப்பட்டது. பக்கத்தில் பார்த்தால் தெரியாது. 5 கிலோமீட்டர் தள்ளிப் பார்த்தால் அதே கறை, அதே புதர் நிழல், வரிசை வரிசையாகக் கோரைப்பாய் நெசவு மாதிரி. இரண்டாவது, தடத்தை உருவாக்கியவர்கள் மரம் நட்டது பாதையை ஒட்டிய பட்டையில் மட்டும். 2000 மீட்டர்தான் தெரியும் என்று நம்பி நட்டவர்கள், அப்பால் ஏன் நடப்போகிறார்கள்? தூரத்தை ஏற்றியதும், காடு முடிந்து ஆளில்லாத பச்சைப் பாலைவனம் தொடங்கும் எல்லை பளிச்சென்று தெரிந்தது.

5 மடங்கு தூரம் என்றால் 25 மடங்கு நிலம் என்பதையும் மறக்க வேண்டாம். ஓபன் ரெயில்ஸ் பெரும்பாலும் பிராசசரைத்தான் பிழியும்.

ஆகவே பழைய தடத்துக்கு என் தேர்வு: வியூயிங் டிஸ்டன்ஸ் 3000 அல்லது 4000. டிஸ்டன்ட் மவுண்டன்ஸ் கட்டாயம், அதன் தூரம் வழக்கமான 40 கிலோமீட்டரிலேயே இருக்கட்டும். தூரத்து மலைகளைத் தடத்தோடு வரும் தனிக் குறைந்த விவரக் கோப்புகளிலிருந்து வரைவதால் செலவு மிகக் கம்மி, ராக்கி மலைச்சுவர் எழுவது அதனால்தான். உங்கள் தடத்தில் அந்தக் கோப்புகள் இல்லையென்றால் தேர்வு செய்தும் ஒன்றும் நடக்காது. பொருட்களை அடிவானம்வரை நீட்டும் தேர்வை, 2000 மீட்டருக்கு அப்பாலும் மரம் நட்ட புதுத் தடங்களுக்கு மட்டும் போடுங்கள்.

பிரேம் ரேட்டைக் காப்பாற்றத் தானே செட்டிங்கை மாற்றிக்கொள்ளும் ஒரு வசதியும் அதில் இருக்கிறது. மலைத்தடத்தில் அதை அணைத்துவிடுங்கள். அது பிரேம் ரேட்டைப் பிடிப்பது வியூயிங் டிஸ்டன்ஸைக் கூட்டிக் குறைத்துத்தான். கூட்டமான யார்டுக்குள் நுழையும்போது மலை பின்வாங்கும், வெளியே வந்ததும் திரும்பி வரும். எனக்குத் தெரிந்து இயற்கையில் எந்த மலையும் அப்படிச் செய்வதில்லை.

தானே தடம் உருவாக்கும் ஆசை உள்ளவர்கள் ட்ரெயின்ஸ் (Trainz) என்ற இன்னொரு சிமுலேட்டர் பக்கம் பார்க்கலாம். அதன் வழக்கமான நிலக் கட்டம் 10 மீட்டர் அல்லது 5 மீட்டர். ட்ரெயின்ஸ் பிளஸில் வந்த எச்டி நிலப்பரப்பில் 12.5 சென்டிமீட்டர் வரை போகிறது. ரம்பப் பல் பிரச்சினைக்கு உண்மையான மருந்து அதுதான், ஆனால் மருந்தை நாமே அரைக்க வேண்டும்.

மூன்று மெஷின், மூன்று முடிவு

கிராபிக்ஸ் கார்டே இல்லாத அலுவலக லேப்டாப் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஓபன் ரெயில்ஸ்தான். டைனமிக் ஷேடோவை அணைத்துவிட்டு, மேலே சொன்ன 3000 மீட்டரோடு தொடங்குங்கள். புது விளையாட்டை எல்லாம் லோவில் ஓட்டுவதைவிட, பழைய தடத்தை நன்றாக ஓட்டுவது மேல்.

நினைவகம் 4 ஜிபி, 6 ஜிபி உள்ள கார்டு வைத்திருப்பவர்கள் 30-இல் பூட்டிக்கொண்டு, மலைத்தடத்தில் வியூ டிஸ்டன்ஸ் ஹை, ஃபோலியேஜ் மீடியம், ஷேடோ மீடியம், ஸ்கிரீன் பர்சன்டேஜ் 100 என்று தொடங்கலாம். மிச்சம் இருந்தால் முதலில் ஃபோலியேஜை ஏற்றுங்கள். சமவெளி வேகத்தடத்தில் வியூ டிஸ்டன்ஸ் ஹையிலேயே இருக்கட்டும், ஃபோலியேஜுக்குப் போகும் மிச்சத்தை ரெசல்யூஷனில் போடலாம்.

நல்ல கார்டு, பழைய பிராசசர் என்ற ஜோடிதான் நம் ஊரில் நிறைய. பழைய டெஸ்க்டாப்பில் புதுக் கார்டைச் செருகியிருப்பார்கள். இவர்களுக்கு வியூ டிஸ்டன்ஸ் ஹையைத் தாண்டக் கூடாது. ஷேடோவும் மீடியத்தோடு நிற்கட்டும். கார்டின் சும்மா இருக்கும் பலத்தை ஃபோலியேஜ் ஹையிலும் ஸ்கிரீன் பர்சன்டேஜ் 130-லும் இறக்குங்கள்.

எந்த மெஷினிலும் காசில்லாமல் கிடைக்கும் ஒரு உதவி வானிலை. பளிச்சென்ற நண்பகலைத் தேர்ந்தெடுத்தால் எங்கே மரம் முடிகிறது என்பது ஊருக்கே தெரியும். லேசான மூட்டத்தோடு காலை எட்டு மணியை வைத்துப் பாருங்கள். நிஜ மலையிலும் தூரம் கூடக் கூடக் காற்றே நிறத்தை உறிஞ்சிக்கொண்டு நீலச் சாம்பலாக்கிவிடும். கண் அதற்குப் பழகியது என்பதால், மங்கிய முகட்டில் மரம் இல்லாததை அது கேட்பதே இல்லை.

அப்புறம், சோதித்துப் பார்ப்பதை விளையாட்டைத் திறந்த இரண்டாவது நிமிடத்தில் செய்யாதீர்கள். லேப்டாப் சூடானதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மே மாத மதியத்தில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், முதல் ஐந்து நிமிடத்தில் வழுக்கிக்கொண்டு போன செட்டிங் அரை மணி நேரத்தில் நொண்டியிருக்கிறது எனக்கு. இருபது நிமிடம் ஓட்டியபின், ஒரே இடத்தில், ஒரே வானிலையில், ஒரே நேரத்தில் ஒப்பிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றுங்கள். பிடித்த அமைப்பு கிடைத்ததும், டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் அந்த அமைப்புக் கோப்பை வேறு இடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். நான் 'அரோசா' என்று ஒன்று, 'ரெடிங்' என்று ஒன்று, இரண்டு நகல் வைத்திருக்கிறேன். ஓட்டப் போகும் தடத்துக்கு ஏற்றதை விளையாட்டைத் திறக்கும் முன் எடுத்துப் போட்டுவிடுவேன், அரை நிமிட வேலை.